பழைய நெம்புகோல் காற்றுத் துப்பாக்கி: அறிகுறியிலிருந்து குறையைக் கண்டறியும் வழிமுறை

நெம்புகோல் துப்பாக்கி என்றதும் பலருக்கும் குதிரைமேல் அமர்ந்து வின்செஸ்டரை இயக்கும் அமெரிக்க மேற்குப் பகுதியின் காட்சிதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் ஒரு சேகரிப்பாளரின் கைக்கு எட்டக்கூடியது பெரும்பாலும் வேறு வகை. பக்கவாட்டிலோ குழலுக்கு அடியிலோ உள்ள நெம்புகோலை இழுத்து ஆயத்தப்படுத்தும் 4.5 மி.மீ. இலக்குக் காற்றுத் துப்பாக்கியைத்தான் சொல்கிறேன். 1970களிலும் 80களிலும் ஜெர்மனியில் செய்யப்பட்ட ஃபைன்வெர்க்பாவ் 300எஸ், வால்தர் எல்ஜிஆர், டயானா 75 போன்றவை இன்றும் துப்பாக்கி சுடும் மன்றங்களின் ஆயுதக் கிடங்குகளிலும் சேகரிப்புகளிலும் வேலை செய்யும் நிலையில் கிடைக்கின்றன. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது உலகம் பயன்படுத்திய தலைமுறை இதுதான்.

தொடங்குமுன் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, இந்நாட்டில் காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே. 2021இல் நிறைவேற்றப்பட்ட துப்பாக்கிகள், வெடிபொருட்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வைத்திருப்பதற்கு மட்டுமன்றிப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் தேவை. ஆகவே கீழே சொல்லப்படும் சோதனைகள் அனைத்தும் உரிமத்தில் குறிப்பிட்ட இடத்தில், சுடுதளப் பொறுப்பாளரின் அறிவோடு, துப்பாக்கியின் உட்பகுதியைத் திறக்காமல் செய்யக்கூடியவை. எங்கே உட்பகுதியைத் திறக்க வேண்டிய நிலை வருகிறதோ, அங்கே “பழுதுபார்ப்பவரிடம்” என்று எழுதியிருக்கிறேன். அதை மனம்போன போக்கில் தளர்த்திக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, குறையைத் தேடுமுன் துப்பாக்கி எந்த வகை என்று அறிய வேண்டும், ஏனெனில் ஒரே அறிகுறிக்கு இரண்டு வகைகளில் இரண்டு காரணங்கள் இருக்கும். ஃபைன்வெர்க்பாவ் 300எஸ், டயானா 75 ஆகியவற்றில் நெம்புகோல் ஒரு வலுவான ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிறது. விசையை இழுத்தவுடன் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை அந்தக் கணத்தில்தான் நசுக்குகிறது. வால்தர் எல்ஜிஆரிலும், 1984இல் வந்த ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசையிலும் அத்தகைய ஸ்பிரிங் இல்லை. நெம்புகோலின் ஒரே வீச்சில் காற்று முன்கூட்டியே நசுக்கப்பட்டு அறையில் அடைபட்டுக் காத்திருக்கும். முன்னதை ஸ்பிரிங் வகை என்றும், பின்னதை ஒருவீச்சு வகை என்றும் இங்கே அழைக்கிறேன்.

எந்தச் சோதனையானாலும் குழல்வாய், பெல்லட் எனப்படும் சிறு ஈயக் குண்டுகளைத் தடுத்து நிறுத்தும் பிடிப்பெட்டியை நோக்கியே இருக்க வேண்டும். ஸ்பிரிங் வகையில் பெல்லட் வைக்கும்போது, ஒரு கை நெம்புகோலை இறுகப் பிடித்திருக்க, மறு கை மட்டுமே பெல்லட் வைக்கும் வாய்க்குள் செல்ல வேண்டும். ஸ்பிரிங்கை ஆயத்தநிலையில் பிடித்து நிறுத்தும் உள்கொக்கி தேய்ந்து நழுவினால் முன்னோக்கிப் பாயும் இரும்பு, விரல் நுனியைத் துண்டிக்கும் வலிமை கொண்டது.

அறிகுறி: பெல்லட்டுகள் வழக்கத்தைவிடக் கீழே விழுகின்றன

இதுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார். பெரும்பாலோர் உடனே பின் குறியின் (குறிபார்க்க உதவும் பின்பக்க அமைப்பின்) குமிழைத் திருகி மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அறிகுறி மறையும், நோய் வளரும்.

கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தில், புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 17 மி.மீ. இறக்கிவிடும். வேகம் 150 மீட்டராகக் குறைந்தால் இறக்கம் ஏறக்குறைய 22 மி.மீ. ஆகும். வித்தியாசம் 5 மி.மீ.தான். ஆனால் 10 மீட்டர் இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. மட்டுமே என்பதால், அந்த 5 மி.மீ. இரண்டு வளையங்களை விழுங்கிவிடுகிறது. பத்தாம் வளையமோ 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. எனவே “கொஞ்சம் கீழே போகிறது” என்பது, துப்பாக்கி தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிட்டதற்கான அடையாளமாக இருக்கலாம்.

மன்றத்தில் வேகமானி இருந்தால் அதையே முதலில் பயன்படுத்துங்கள். ஒரே டப்பாவைச் சேர்ந்த பெல்லட்டுகளைப் பத்து முறை சுட்டு, சராசரியைவிட ஏற்றத்தாழ்வைக் கவனிக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள இலக்குத் துப்பாக்கியில் பத்து எண்களும் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் அடங்கும். எல்லா எண்களும் சீராகக் குறைந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பெல்லட் மாறியிருக்கலாம். எண்கள் மேலும் கீழும் தாவினால் எங்கோ காற்று கசிகிறது.

வேகமானி இல்லாதபோது மெல்லிய காகிதக் கைக்குட்டையின் ஒரு கீற்றே போதும். பெல்லட்டை வைத்து, நெம்புகோலை மூடி, குழலின் பின்பக்கம் அறையோடு சேரும் பொருத்தின்மேல் அந்தக் கீற்றை மெதுவாகப் படியவிட்டுச் சுடுங்கள். கீற்று துள்ளினாலோ பறந்தாலோ, அந்தப் பொருத்தில் உள்ள சீல் (கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையம்) காற்றை வெளியே விடுகிறது என்று பொருள். பழைய ஜெர்மானியத் துப்பாக்கிகளில் அக்காலத்துச் செயற்கைப் பொருளாலான சீல்கள் முதுமையால் மெழுகுபோல் பொடிந்துவிடும். விரல் நகத்தால் லேசாக அழுத்தினாலே உதிரும் சீலை எண்ணெய் ஊற்றிக் காப்பாற்ற இயலாது. அது சிறிய பாகம், விலையும் அதிகமில்லை. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிவிடுவதே முறை.

காகிதம் அசையாமலிருந்து வேகம் மட்டும் குறைந்திருந்தால், சிக்கல் பிஸ்டனின் சீலில் இருக்கக்கூடும். இங்கே மாதிரிகளுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் பிஸ்டனில் எஃகு வளையம் இருப்பதால் அது அரை நூற்றாண்டைத் தாங்கி நிற்கிறது. டயானா 75இல் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்கள் உண்டு, அவற்றின் பழைய சீல்கள் துப்பாக்கியைச் சுடாமலே பெட்டியில் வைத்திருந்தாலும் தாமாக நொறுங்கும். அந்த இயக்கத்தைப் பிரித்து மீண்டும் சரியான ஒத்திசைவில் பூட்டுவது தேர்ந்தவர்களுக்கே சவாலானது. ஆகவே டயானா 75 வாங்க எண்ணுபவர்கள், “சீல்கள் எப்போது மாற்றப்பட்டன?” என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் பணத்தை எண்ணாதிருப்பது நல்லது. துப்பாக்கியின் பளபளப்பான மரக்கட்டையைக் கண்டு மயங்குபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: சுடும்போது புகை, எண்ணெய் தீயும் வாடை, வழக்கத்தைவிடப் பெரிய ஓசை

ஸ்பிரிங் வகையில் மட்டுமே இது நிகழும். நசுக்கப்படும் காற்று ஒரு கணம் மிக அதிகமாகச் சூடாவதால், அறைக்குள் புகுந்த பெட்ரோலிய எண்ணெய் டீசல் இயந்திரத்தில் நடப்பதைப்போலத் தீப்பற்றுகிறது. காரணம் கிட்டத்தட்ட எப்போதும் மனிதக் கைதான். துருவுக்கு அஞ்சி, கடையில் கிடைக்கும் துருநீக்கித் தெளிப்பானைப் பெல்லட் வாய்க்குள் அடித்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது, சுடுவதை நிறுத்திவிட்டு, குழலில் துப்புரவுக்கான கம்பளிப் பெல்லட் அல்லது உலர்ந்த துணித்துண்டைச் செலுத்தி எண்ணெயை உறிஞ்சி எடுப்பது. பிறகும் புகை நீடித்தால் அறையைத் திறந்து துடைக்க வேண்டும், அது பழுதுபார்ப்பவரின் வேலை. “சில முறை சுட்டால் எரிந்து போய்விடும்” என்று சொல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு எரிதலும் சீலையும் ஸ்பிரிங்கையும் அடித்து நொறுக்குகிறது என்பதால் அந்த யோசனையை நான் ஏற்பதில்லை. நான் பார்த்த வரையில், பழைய காற்றுத் துப்பாக்கிகளை எண்ணெய் இல்லாமை கெடுத்ததைவிட எண்ணெய் மிகுதி கெடுத்ததே அதிகம்.

அறிகுறி: ஒருவீச்சு வகையில் நெம்புகோல் எதிர்ப்பே இல்லாமல் மூடிக்கொள்கிறது

காற்று நசுங்கவே இல்லை என்பதுதான் இதன் பொருள். நெடுநாள் பயன்படுத்தாத துப்பாக்கியில் சீல் வறண்டு, உருளையின் சுவரைப் பற்றாமல் நழுவியிருக்கலாம். நெம்புகோலை முழுவதும் திறந்து, சில நொடிகள் பொறுத்து, சற்று விரைவாகவும் சீராகவும் மூடிப் பாருங்கள். மிக மெதுவாக மூடினால் தளர்ந்த சீலைச் சுற்றிக் காற்று வெளியேறிவிடும். இரண்டு மூன்று முறைக்குப் பின் எதிர்ப்பு திரும்பினால், உற்பத்தியாளரின் கையேட்டில் சொல்லப்பட்ட மசகை, சொல்லப்பட்ட இடத்தில், சொல்லப்பட்ட அளவில் இடுவது போதுமானது.

எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் குறி எடுக்க நேரமெடுத்துக்கொண்டால் பெல்லட் கீழே விழுகிறது என்றால், அடைபட்ட காற்று வால்வு வழியே மெல்லக் கசிகிறது. உடனே சுட்டதன் வேகத்தையும், ஒரு நிமிடம் காத்திருந்து சுட்டதன் வேகத்தையும் ஒப்பிட்டால் இது வெளிப்பட்டுவிடும். இத்துப்பாக்கிகளைக் காற்று நிரப்பிய நிலையில் ஒருபோதும் கிடங்கில் வைக்கக் கூடாது. சீல்கள் அழுந்தி உருமாறிவிடும் என்பது ஒருபுறமிருக்க, அது பாதுகாப்பு விதிகளுக்கே முரணானது.

அறிகுறி: நெம்புகோலை முழுவதும் இழுத்தும் துப்பாக்கி ஆயத்தநிலையில் நிற்பதில்லை, அல்லது நெம்புகோல் மூடிய நிலையில் தங்காமல் தொங்குகிறது

இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது அற்பமானது. நெம்புகோலின் நுனியைப் பிடித்து வைக்கும் சிறு குண்டோ பிடிப்போ பழைய கிரீஸ் இறுகி அசையாமல் போயிருக்கும். தையல் இயந்திரத்துக்குப் போடும் மெல்லிய எண்ணெயை ஒரு தீக்குச்சி முனையில் தொட்டு வைத்து, நெம்புகோலைச் சில முறை அசைத்து, வெளியே வரும் கருப்பைத் துடைத்தால் சரியாகிவிடும். சுழல் ஆணியில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

முன்னது அபாயகரமானது. கொக்கி தேய்ந்திருக்கலாம், முறிந்திருக்கலாம், அல்லது யாரோ விசையின் எடையைக் குறைக்கத் திருகாணிகளை அளவுக்கு மீறித் தளர்த்தியிருக்கலாம். காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் விசைக்குக் குறைந்தபட்ச எடை விதிக்கப்படவில்லை என்பதால், இந்த ஆசை பலரையும் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை நழுவினாலும் போதும்: குறிப்புச் சீட்டுக் கட்டி, பயன்பாட்டிலிருந்து விலக்கி, பழுதுபார்ப்பவரிடம் அனுப்புங்கள். மறுபடி இழுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: பின்னுதைப்பே தெரியாத துப்பாக்கியில் உதைப்பு உணரப்படுகிறது

ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் துப்பாக்கியின் நுட்பமே, சுடும் கணத்தில் குழலும் இயக்கமும் சேர்ந்து கட்டைக்குள் தண்டவாளம் போன்ற அமைப்பின்மேல் சில மி.மீ. பின்னோக்கிச் சறுக்குவதுதான். உதைப்பு அந்தச் சறுக்கலிலேயே தீர்ந்துவிடும், தோளுக்கு வராது. உதைப்பு தெரிகிறதென்றால் சறுக்கல் தடைபட்டிருக்கிறது. தண்டவாளத்தில் பழைய கிரீஸும் ஈயத் தூளும் பசையாக இறுகியிருப்பதே பொதுவான காரணம். சுட்டபின் இயக்கம் பின்னால் வந்திருக்கிறதா, மீண்டும் நெம்புகோலை இழுக்கும்போது முன்னால் சென்று பூட்டிக்கொள்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து கண்ணால் பார்த்தாலே தெரியும்.

அறிகுறி: பெல்லட்டுகள் எந்த ஒழுங்குமின்றிச் சிதறுகின்றன

குழலைக் குறைசொல்லுமுன் திருகாணிகளைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் மரக்கட்டை உப்பும், குளிர்சாதன அறையில் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் கட்டையின் திருகாணிகள் தாமாகத் தளர்கின்றன. பொருத்தமான முனையுள்ள திருப்புளியால் இறுக்கினால் போதும். முழு பலத்தையும் காட்டினால் பழைய வால்நட் மரம் பிளந்துவிடும். அடுத்து, பின் குறியைத் தண்டவாளத்தில் பிடித்திருக்கும் திருகாணி. அதற்கடுத்து, முன் குறியின் வளையம் தன் இடத்தில் ஆடாமல் இருக்கிறதா என்பது.

இவை சரியாயிருந்தால் பெல்லட்டுக்கு வருவோம். தட்டைத் தலையுள்ள 4.5 மி.மீ. பெல்லட்டுகள் 4.49, 4.50, 4.51 எனத் தலையளவு வேறுபட்டு விற்கப்படுகின்றன. ஒரு குழலுக்குப் பிடித்தது மற்றொன்றுக்குப் பிடிக்காது. பழைய டப்பாவில் பெல்லட்டின்மேல் வெண்பொடி படிந்திருந்தால் அது ஈயம் காற்றோடு வினைபுரிந்த படிவு. அந்த டப்பாவைக் குப்பையில் போடாமல் மன்றத்தின் ஈயக் கழிவோடு சேர்த்துவிட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழலுக்குள் எஃகுத் தூரிகை நுழையவே கூடாது. கம்பளிப் பெல்லட்டால் துடைத்தபின் முதல் சில சுடுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் நியாயமே.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 10 மீட்டர் தங்கத்தை வென்றது, இறுதிச் சுற்று சமநிலையில் முடிந்தபின் சுடப்பட்ட கூடுதல் ஒரு பெல்லட்டால்தான். அந்த அளவுக்கு நுண்ணிய விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட கருவியில் ஒரு தளர்ந்த திருகாணி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: துரு, பூஞ்சை

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கினாலும், விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. எஃகு விரைவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும் எல்லையும் ஏறத்தாழ அந்த 60 விழுக்காடுதான். அதாவது, மூடப்படாத இடத்தில் துப்பாக்கிக்கு இங்கே ஓய்வு நேரமே கிடையாது.

துரு எங்கே தோன்றியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். பெல்லட் வாயைச் சுற்றியும் நெம்புகோலின் பிடியிலும் விரல்ரேகை வடிவில் இருந்தால், வியர்வையின் உப்பு. சுட்டு முடித்ததும் துடைக்காமல் வைத்திருக்கிறார்கள். குழலின் ஒரு பக்கம் முழுவதும் சிறு புள்ளிகளாக இருந்தால், பஞ்சுறை பதித்த பெட்டியிலேயே நெடுநாள் கிடந்திருக்கிறது. பஞ்சுறை ஈரத்தை உறிஞ்சி எஃகோடு ஒட்டி வைத்திருக்கும். பெட்டி எடுத்துச் செல்வதற்கு மட்டுமே, இருப்பு வைப்பதற்கு அன்று. குழல் முழுக்க மெல்லிய செம்படலம் சீராகப் படர்ந்திருந்தால், குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளிக்காற்றுக்கு எடுத்து வந்திருப்பார்கள். இங்கே காற்றில் உள்ள நீராவி நீராகப் படியும் வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருப்பதால், 22 டிகிரிக்குக் குளிர்ந்த எஃகு வெளியே வந்தவுடன் வியர்க்கத் தொடங்குகிறது. பெட்டியைத் திறக்காமலே அரை மணி நேரத்துக்கும் மேலாக வெளியில் வைத்து, இரும்பு சூடேறியபின் திறந்தால் இந்தத் தொல்லை வராது.

மேலோட்டமான துருவை மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் பொறுமையாகத் தேய்த்தெடுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம்: கருநீல மெருகோடு சேகரிப்பு மதிப்பும் போய்விடும். மீண்டும் மெருகேற்றிய துப்பாக்கியைவிட, தேய்ந்தும் அசல் மெருகோடு நிற்கும் துப்பாக்கியையே விவரமறிந்தவர்கள் விரும்புகிறார்கள். தொடர் எண் உள்ள இடத்தில் எதைக்கொண்டும் தேய்க்காதீர்கள். உரிமத்தில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஐயத்துக்கிடமின்றி ஒத்திருக்க வேண்டும்.

கிடங்கின் அலமாரியில் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. புகைப்படக் கருவிகளுக்கு விற்கப்படும் மின்சார உலர் அலமாரியின் தத்துவமே இங்கும் பொருந்தும். அதற்கும் கீழே இறக்கினால் கட்டை வறண்டு வெடிக்கும். இன்னொன்று: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் துணி அலமாரிகளில் வைக்கும், அடியில் நீர் சேரும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைத் துப்பாக்கியின் அருகே வைக்க வேண்டாம். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. சேரும் நீர் வெறும் நீரன்று, கடும் உப்புக்கரைசல். டப்பா ஒருமுறை சரிந்தால் கடல்நீரில் நனைத்ததைவிட மோசமான விளைவு உண்டாகும். நிறம் மாறும் சிலிகா மணிகள் பாதுகாப்பானவை. நிறம் மாறியதும் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

கட்டையிலும் தோல்வாரிலும் வெண்பூஞ்சை தென்பட்டால், துப்பாக்கியைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு வாரை மட்டும் கழற்றிக் காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். கட்டையின் பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிட வேண்டும். ஆல்கஹால் சில பழைய மெருகுகளைக் கரைத்துவிடும் என்பதால், கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. தேங்காய் எண்ணெய் பூசினால் மரம் மின்னும் என்று ஒரு கைவைத்தியம் நம்மவர்களிடையே உலவுகிறது. அது நாளடைவில் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிப்பதால், ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிய பூச்சாகத் தேய்த்து முழுவதும் உலரவிடுவதே மேல். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். அதை விரித்துக் காயவைத்தபின்தான் எறிய வேண்டும்.